சுவரில் எழுதப்போகும் சொல்: பின்னமா, கீழ்வாயா, கூறா?

பத்தமடைக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே, கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில், சாயங்காலம் 5 மணி முதல் 7 மணி வரை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் ஒரே பாயில்தான். அறையின் வடக்குச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்து, அது காய்ந்தும் விட்டது. அதில் 1/2, 1/4, 3/4, 1/3 என்று பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே பெயரும் படமும் போட வேண்டும். ஓவியர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். தலைப்பில் எந்தச் சொல்லை எழுதுவது என்பதில்தான் மூன்று வாரமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

தொடங்கி வைத்தவள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. கரும்பலகையில் 'பின்னம்' என்று எழுதினேன். எழுந்து நின்று கேட்டாள்: "பின்னம்னா உடைஞ்சதுல்லா டீச்சர்? பின்னமான சிலையக் கும்பிடக் கூடாதுன்னு எங்க ஆச்சி சொல்லுவா. அப்ப இந்த நம்பரும் கெட்டதா?"

நல்ல கேள்வி. பாடப் புத்தகத்தில் அதற்கு வரி இல்லை. எங்களோடு வகுப்பெடுக்கும் ஓய்வுபெற்ற சார்வாள், "நம்ம பிள்ளைகளுக்கு நம்ம சொல் இருக்கும்போது எதுக்கு உடைஞ்ச சொல்? கீழ்வாய் எண்ணுன்னு போடுங்க" என்றார். புதிதாக வந்து சேர்ந்த தங்கச்சி, "பங்குன்னு போட்டா எல்லாருக்கும் புரியும்" என்றாள். நூலகத்து அண்ணாச்சி பரீட்சையை நினைத்துப் பின்னத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்கு முதலில் 'கூறு' என்ற சொல்மேல்தான் ஆசை. ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்த்ததில் என் எண்ணம் மாறியது. எப்படி மாறியது என்பதை எழுதி வைக்கிறேன். இதே கேள்வி வேறு ஊரில், வேறு வகுப்பில் வரத்தான் செய்யும்.

முதலில் பின்னம். சமஸ்கிருதத்தில் 'பித்' என்ற வேருக்குப் பிளத்தல், உடைத்தல் என்று பொருள். அதிலிருந்து வந்த 'பின்ன' என்றால் உடைபட்டது. அந்த வேரின் பிள்ளைகள் நம் பேச்சில் நிறைய உண்டு. 'சின்னாபின்னம்' என்கிறோமே, அதில் முன்பாதி 'வெட்டுண்டது', பின்பாதி 'உடைபட்டது'. 'பேதம்' என்பதும் அதே வேர்தான். ஆகவே அந்தப் பிள்ளையின் ஆச்சி சொன்னது சரி. மூக்கு சிதைந்த சிலையைப் பின்னமானது என்று கோயிலில் சொல்வதும், 1/4 என்ற எண்ணைப் பின்னம் என்று பள்ளியில் சொல்வதும் ஒரே சொல்.

கணக்கில் அந்தச் சொல் நுழைந்தது நம் காலத்தில் அன்று. 1150இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணக்கு நூலில் உடைபட்ட எண்களுக்கான எட்டுச் செயல்களும் 'பின்ன' என்ற பெயரில்தான் வருகின்றன. மலையாளம், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாவற்றிலும் பள்ளிச் சொல் இதே வேரிலிருந்துதான். இலங்கைத் தமிழ்ப் பாடநூலிலும் பின்னம்தான். திருநெல்வேலியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரு பிள்ளை பள்ளி மாறிப் போனாலும் இந்தச் சொல் கூடவே வரும்.

இதில் என்னை நெடுநேரம் பிடித்து நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. உடைப்பு என்ற எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் வந்ததில்லை. அரபியில் பின்னத்துக்குச் சொல் 'கஸ்ர்'. உடைதல், முறிதல் என்று பொருள். ஆங்கிலத்தின் 'ஃபிராக்‌ஷன்' லத்தீன் மொழியில் உடைத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. எலும்பு முறிவுக்கு மருத்துவர் சொல்லும் 'ஃபிராக்ச்சர்' அதற்கு உடன்பிறப்பு. ஜெர்மன் மொழியிலும் முறிவுக்கும் பின்னத்துக்கும் ஒரே சொல்தான். இன்னும் ஒரு படி மேலே போனால், 'அல்ஜீப்ரா' என்ற பெயரில் இருக்கும் 'அல்ஜப்ர்' என்ற அரபுச் சொல்லுக்கு, குறைபட்டதை நேராக்குதல், முறிந்த எலும்பைப் பொருத்துதல் என்று பொருள். கி.பி. 820ஐ ஒட்டி அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலிருந்து அது கணக்குக்கு வந்தது. பழைய ஸ்பானிய மொழியில் எலும்பு வைத்தியரை 'அல்ஜெப்ரிஸ்தா' என்றே கூப்பிட்டார்கள். நம் ஊர்ப் பக்கம் கை முறிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட நாட்டு வைத்தியரிடம் ஓடுகிறோம். அந்தத் தொழிலின் பெயரைத்தான் உலகம் முழுவதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இயற்கணிதத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் அந்தப் பிள்ளையின் முகம் தெளிந்தது. "அப்ப முறிஞ்சத ஒட்டவைக்கவும் கணக்கு இருக்கு" என்றாள். 1/4ஐ நான்கு தடவை கூட்டினால் ஒன்று வரும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஆனால் 'உடைபட்டது' என்ற பொருளில் ஒரு குறை இருக்கிறது. கும்பிடக்கூடாது, அமங்கலம் என்பதெல்லாம் அந்தக் குறை இல்லை. கீழே விழுந்து உடைந்த மண்பானையில் நான்கு துண்டு இருக்கும். நான்கும் ஒரே அளவாக இருக்காது. 1/4 என்று சொல்ல வேண்டுமானால் நான்கும் சமமாக இருந்தாக வேண்டும். 'பின்னம்' என்ற சொல் இந்தச் சமத்தைச் சொல்லவில்லை. வட்டத்தைக் கோணல்மாணலாக நான்காகக் கிழித்து, ஒன்றில் வண்ணம் தீட்டி, "இதுதான் கால்" என்று காட்டும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சொல் செய்யாத வேலையைச் சுவரில் போடும் படம்தான் செய்ய வேண்டும்.

எழுத்திலும் சிக்கல் உண்டு. பிள்ளைகளின் நோட்டில் 'பிண்ணம்' என்று பாதிப் பேராவது எழுதுகிறார்கள். மூலச் சொல்லில் இருப்பது பல்லைத் தொட்டு வரும் மெல்லொலி. தமிழில் சொல்லின் இடையில் அது ன்ன என்றுதான் வரும். 'சின்னம்' போல, 'அன்னம்' போல. மூன்று சுழி ணகரத்துக்கு இங்கே இடமில்லை. 'சின்னாபின்னம்' என்ற சொல்லை ஒரு தடவை எழுதிக் காட்டினால் பிள்ளைகள் மறுபடி தப்பு விடுவதில்லை. இன்னொரு மயக்கம், 'பின்' என்ற தமிழ்ச் சொல். பின்னால், பின்னர், பின்பு எல்லாம் கேட்டுப் பழகிய காதுக்குப் பின்னம் என்றால் பின்னால் வருவது என்று படுகிறது. கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணை மட்டும் பின்னம் என்று நினைத்திருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும்.

சேர்த்து எழுதும்போதும் கவனம் வேண்டும். 'தகு பின்னம்' (3/4 போல, மேல் எண் சிறியது) வினைத்தொகை. 'சுடுசோறு' போல, நடுவில் ஒற்று மிகாது. 'தகாப் பின்னம்' (5/4 போல, மேல் எண் பெரியது) ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'ஓடாக் குதிரை' போல, ப் மிகும். 'கலப்புப் பின்னம்' என்பதிலும் மிகும். அச்சில் பல இடங்களில் 'தகா பின்னம்', 'கலப்பு பின்னம்' என்று ஒற்றில்லாமல் இருப்பதைப் பார்க்கிறோம். எங்கள் சுவரில் ஒற்றோடுதான் வரும். தமிழும் கணக்கும் ஒரே பிள்ளையின் தலையில்தான் உட்காருகின்றன.

அடுத்து சார்வாளின் கீழ்வாய். ஒன்றும் ஒன்றுக்கு மேலும் உள்ள எண்கள் மேல்வாயிலக்கம், ஒன்றுக்குக் கீழே உள்ளவை கீழ்வாயிலக்கம் என்று திண்ணைப் பள்ளி எண்சுவடி பிரித்து வைத்திருந்தது. இதில் உடைப்பு என்ற பேச்சே இல்லை. ஒன்று என்ற படியில் நின்று மேலே பார்த்தால் மேல்வாய், கீழே பார்த்தால் கீழ்வாய். எண்கோட்டை மனத்தில் வைத்துப் பிறந்த சொல் போல இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்துப்போய், ஒரு வாரம் சார்வாளின் பக்கம்தான் நின்றேன்.

கீழ்வாயின் செல்வம் அதன் பெயர்களில் இருக்கிறது. முந்திரி 1/320. காணி 1/80. மா 1/20. மாகாணி 1/16, அதற்கே வீசம் என்றும் பெயர். அரைக்கால் 1/8. பிறகு கால், அரை, முக்கால். முந்திரிக்கும் கீழே இறங்கினால் கீழ்முந்திரி. முந்திரியில் முந்திரி, அதாவது 1/102400. கோயில் கல்வெட்டுகளில் நிலத்தை மா, காணி, முந்திரிகை என்று வெட்டி வைத்திருப்பது இந்தக் கணக்கில்தான். என் ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் மாகாணி என்றால் என்ன என்று கேட்டால் யோசிக்காமல் "பதினாறுல ஒண்ணு" என்பாள்.

மாகாணி என்ற பெயருக்குள்ளேயே ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. 1/20 + 1/80 எவ்வளவு என்று ஆறாம் வகுப்பில் கேட்டால் பொதுப் பகுதி (இரண்டுக்கும் கோட்டுக்குக் கீழே வரும் ஒரே எண்) தேடி அலைகிறார்கள். முந்திரியில் எண்ணச் சொல்லுங்கள். மா என்றால் 16 முந்திரி, காணி என்றால் 4 முந்திரி; கூட்டினால் 20. 320இல் 20 என்பது பதினாறில் ஒன்று. மீச்சிறு பொது மடங்கு என்று நாம் இன்று எதைச் சொல்லிக் கொடுக்கிறோமோ, அந்த வேலையை முந்திரி சத்தமில்லாமல் செய்திருக்கிறது.

பிறகு எங்கே தடுத்தது? மூன்றில் ஒன்றில்.

320 என்பது ஆறு இரண்டுகளையும் ஓர் ஐந்தையும் பெருக்கி வந்த எண். அதில் மூன்று இல்லை. 320 முந்திரியை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 106 வரும், 2 முந்திரி மிஞ்சும். அந்த 106 முந்திரியைப் பழைய பெயரில் சொன்னால் கால், மா, அரைமா, அரைக்காணி. எல்லாம் கூட்டினால் 53/160. மூன்றில் ஒன்றுக்கு இன்னும் 1/480 குறைகிறது. அதை நிரப்பக் கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் அங்கேயும் மிச்சம் நிற்கும், ஏனென்றால் 102400இலும் இரண்டும் ஐந்தும்தான் இருக்கின்றன. தசம எண்ணில் 0.333 என்று முடிவில்லாமல் ஓடுவதும் இதே காரணத்தால்தான்; பத்துக்குள்ளும் இரண்டும் ஐந்தும் மட்டுமே. கீழ்வாயும் தசமமும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன என்று கண்டுகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது பெயர்ப் பட்டியலின் எல்லை. 'கீழ்வாய்' என்ற பொதுச் சொல்லின் குற்றம் என்று சொல்ல முடியாது. சார்வாளும் அப்படித்தான் வாதாடினார்: "மூணுல ஒண்ணும் ஒண்ணுக்குக் கீழதானம்மா?" சரிதான். ஆனால் 5/4 என்று எழுதினால் என்ன செய்வது? அது ஒன்றுக்கு மேலே போய்விட்டது. கீழ்வாய் என்ற பெயரே அதை வெளியே தள்ளிவிடும். தகாப் பின்னத்தைக் 'கீழ்வாய்' என்று தலைப்பிட்ட சுவரில் எழுதினால், அந்தப் பிள்ளை எழுந்து நின்று கேட்கிற முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அதோடு, நாலு பேர் நடமாடும் ஊரில் 'கீழ்வாய்' என்றால் தாடை என்றும் புரிந்துகொள்வார்கள். அது சிறிய தடை. 5/4 பெரிய தடை.

இந்த 5/4 பற்றிப் பேசும்போது தமிழ் எவ்வளவு அழகாக அதைச் சொல்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்றேகால். பேச்சில் ஒன்னேகால். கலப்புப் பின்னத்தைப் பிள்ளைகள் தாய்மடியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள். பேருந்து ஒன்னேகாலுக்கு வரும் என்று தெரியாத பிள்ளை யார்? ஒன்றே கால், ஒன்றே முக்கால் என்று நடுவில் ஓர் ஏகாரம் வருகிறது. ஆனால் ஒன்றரை என்னும்போது அது வருவதில்லை. 'ஒன்றே அரை' என்று யாரும் சொல்வதில்லை. ஏன் இந்த வேற்றுமை என்று ஒரு பையன் கேட்டான். தொல்காப்பியத்தின் தொகைமரபில் இதற்கே அடுத்தடுத்து இரண்டு நூற்பாக்கள் இருக்கின்றன. அளவுச் சொற்கள் அடுத்தடுத்து வரும்போது ஏ என்ற சாரியை வரும் என்கிறது முதலாவது; 'அரை என வரூஉம் பால்வரை கிளவி'க்கு அந்தச் சாரியை பொருந்தாது என்கிறது அடுத்தது. அவ்வளவு பழைய விதியை, எங்கள் ஊர்க் கடைவாசலில் ஒன்றரை கிலோ தக்காளி கேட்பவர் இன்றும் பிசகாமல் காப்பாற்றுகிறார்.

அந்த நூற்பாவில் 'பால்வரை கிளவி' என்று ஒரு தொடர் வருகிறதே, அதைப் படித்ததும் இதையே தலைப்பாக்கினால் என்ன என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். பால் என்றால் பகுதி. அறத்துப்பால், பொருட்பால், இன்பத்துப்பால் என்று மூன்றாகப் பகுத்ததும் அந்தப் 'பால்'தான். பகுதியை வரையறுக்கும் சொல் என்று எவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார் தொல்காப்பியர்! ஆனால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் பால் என்றால் காலையில் காய்ச்சுகிற பால். அந்தத் தொடரைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன்; சுவரில் எழுத மாட்டேன்.

பங்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பது மட்டுமே அதற்குப் பலம். அண்ணன் பங்கு, தம்பி பங்கு என்று சொத்தில் பிரிப்பது எப்போதும் சமமாக இருப்பதில்லை. அதனால்தான் வழக்கே வருகிறது. முழுச் சொத்தைவிடப் பெரிய பங்கு ஒருவருக்கு வராது. ஆக 5/4 இங்கேயும் வெளியே நிற்கும். பங்குச் சந்தை வேறு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. தங்கச்சி இரண்டே நாளில் ஒத்துக்கொண்டாள்.

கூறு அப்படி எளிதில் விடுகிற சொல் இல்லை. தீபாவளிக்கு நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஓர் ஆடு வாங்கி, வாழையிலையில் வரிசையாகக் கூறு போடுவார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கூறிலும் ஈரல் கொஞ்சம், எலும்பு கொஞ்சம், கறி கொஞ்சம். எந்த இலையை எடுத்தாலும் ஒன்றுதான் என்று எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் கை வைப்பார்கள். சந்தையில் மாங்காயும் நெத்திலியும் கூறு வைத்து விற்பதும் அப்படியே. 'பின்னம்' சொல்லாத சமத்தைக் 'கூறு' சொல்கிறது. 8 கூறில் 3 கூறு என்றால் 3/8. 8 கூறு முழு ஆடு என்றால், 10 கூறு ஓர் ஆடும் இன்னோர் ஆட்டில் நான்கில் ஒன்றும். 10/8 கூடச் சிரமமில்லாமல் வந்துவிடுகிறது. வகுப்பில் புளியங்கொட்டையை வைத்துக் கூறு போடச் சொன்னபோது, அதுவரை பின்னம் என்றாலே வாய் மூடியிருந்த பிள்ளைகள் சத்தம் போட்டுக் கணக்குச் சொன்னார்கள்.

அப்படியானால் அதையே எழுதிவிட வேண்டியதுதானே? இரண்டு காரணத்தால் எழுதவில்லை. ஒன்று, கேள்வித்தாளில் 'காரணம் கூறு' என்றுதான் தினமும் பார்க்கிறார்கள். அங்கே கூறு என்பது ஏவல் வினை. அதே பக்கத்தில் இதே சொல் எண்ணின் பெயராகவும் நின்றால் குழப்பம் வரும். இரண்டாவது காரணம் எனக்குக் கனமாகப் பட்டது. 3/8 என்பதில் கூறு என்பது எட்டில் ஒன்றுக்குத்தான் பெயர். 3/8 முழுவதற்கும் அது பெயராகாது. கூறு என்பது அலகு. நாம் தேடுவது எண்ணின் பெயர். இதையே கீழ்வாய்ப் பட்டியலுக்கும் வைத்துப் பார்த்தேன். முந்திரி, காணி, மா, கால் எல்லாம் தனித்தனி எண்களின் பெயர்கள். அந்த எண்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கூப்பிட ஒரு சொல் வேண்டும். நாங்கள் மூன்று வாரம் சண்டை போட்டது ஒரே வரிசையில் நிற்காத சொற்களுக்கு நடுவே என்பது அப்போதுதான் விளங்கியது.

சுவரைத் தீர்மானிக்கும் முன் வாசிப்பையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1/4ஐ வாய்விட்டு எப்படிப் படிப்பது? 'நான்கில் ஒன்று' என்பது தமிழ் முறை. கீழே இருப்பது முதலில் வருகிறது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் 'ஒன் பை ஃபோர்' என்று மேலிருந்து கீழே படிக்கிறார்கள். இரண்டும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் எங்கள் வகுப்பில், 'நான்கில் ஒன்று' என்று சொன்னால் சிலர் 4/1 என்று எழுதிவிடுகிறார்கள். 'இல்' என்ற வேற்றுமை உருபைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறேன். எந்த எண்ணோடு 'இல்' ஒட்டுகிறதோ, அது கோட்டுக்குக் கீழே. முழுதுக்குள் இருக்கிறது என்று அந்த உருபே சொல்லிவிடுகிறது.

கோடும் பின்னால் வந்ததுதான். பாஸ்கரர் காலத்தில் மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று வெறுமனே அடுக்கினார்கள். நடுவில் கோடு போடும் பழக்கம் வட ஆப்பிரிக்காவின் அரபுக் கணக்கர்களிடமிருந்து வந்தது. 1202இல் இத்தாலியின் பிபோனாச்சி எழுதிய நூல் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது.

மேல் எண்ணுக்குத் தொகுதி, கீழ் எண்ணுக்குப் பகுதி என்பது நம் பாடநூல் வழக்கு. இதில்தான் எனக்கு மனக்குறை. தெருவில் 'பகுதி' என்றால் ஒரு துண்டு. 3/4இல் எடுத்துக்கொண்ட துண்டுகள் 3. ஆகவே 3தான் பகுதி என்று பிள்ளைகள் நினைப்பதில் தவறே இல்லை. 'தொகுதி' என்றால் தேர்தல் நினைவு வருகிறது. எத்தனை கூறாகப் பகுத்தோம் என்பது பகுதி, அதில் எத்தனையைத் தொகுத்தோம் என்பது தொகுதி என்று வினையிலிருந்து சொன்னால் நிற்கிறது. பகுத்தது கீழே, தொகுத்தது மேலே. கூறு போடும் பழக்கம் இங்கே மறுபடியும் கைகொடுக்கிறது.

ஆக, தலைப்பு 'பின்னங்கள்' என்றே வரப்போகிறது. பரீட்சை ஒரு காரணம்தான், ஆனால் அது முதல் காரணம் இல்லை. 1/3, 5/4, 53/160 மூன்றையும் வெளியே தள்ளாமல், எண்ணின் பெயராகவே நின்று ஏற்றுக்கொள்ளும் சொல் இவற்றில் அது ஒன்றுதான். தகு, தகா, கலப்பு, தசமம் என்று மேலே கட்டிக்கொண்டு போகவும் இடம் கொடுக்கிறது. உடைபட்டது என்ற பழைய பொருளை மறைக்காமல் சொல்லிவிடப் போகிறோம். சமமாக உடைத்தது என்பதைப் படம் சொல்லும். பிள்ளைகளுக்கு இல்லாமல் பெரியவர்களுக்கு வகுப்பு எடுப்பதாக இருந்தால் நானே வேறு மாதிரி முடிவு செய்வேன். கடைக்கணக்கும் வயல்கணக்கும் தெரிந்தவர்களிடம் கால், அரைக்கால், மாகாணி என்று பேசத் தொடங்கிவிட்டு, 'பின்னம்' என்ற சொல்லை மூன்றாம் நாள் அறிமுகம் செய்தால் போதும். அங்கே தலைப்புக்குக் கீழ்வாயே சிறந்தது. சார்வாளிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கணினியில் அச்சிட நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. முந்திரி, காணி போன்ற கீழ்வாய் எண்களை எழுதப் பயன்பட்ட பழைய குறிகளுக்கு, 2019இல் வந்த யுனிகோடு 12ஆம் பதிப்பில் தனி இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அவற்றைக் காட்டும் எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் கட்டம்தான் தெரியும். சுவரில் கையால் வரைவதற்கு அந்தத் தடை இல்லை.

ஓவியரிடம் கொடுக்கும் தாள் இப்போது தயார். மேலே பெரிய எழுத்தில் 'பின்னங்கள்'. அதன் கீழே வாழையிலையில் எட்டுக் கூறு, மூன்றுக்குப் பச்சை வண்ணம், பக்கத்தில் 3/8, 'எட்டில் மூன்று'. வலது ஓரத்தில் 'கீழ்வாய்ப் பெயர்கள்' என்று தனி வரிசை: அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி. அந்த வரிசையில் 1/3க்கு நேராக என்ன எழுதுவது என்று நேற்று ராத்திரி வரை இடம் காலியாக இருந்தது. ஆச்சியிடம் கேட்டேன். பட்டியலில் பெயர் இல்லாதது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. கோட்டை, மரக்கால் என்ற நெல் அளவைகளிலேயே பதில் வந்தது. "கோட்டைக்கு இருபத்தொரு மரக்கால். மூணு பேரு அறுத்தா ஆளுக்கு ஏழு. இதுக்கு என்னத்துக்குப் பேரு?" என்றாள். அந்த இடத்தில் ஒரு நெல் அம்பாரமும் 'கோட்டை 21 மரக்கால். மூன்றில் ஒன்று 7 மரக்கால்' என்ற வரியும் வரும்.

ணகரமா னகரமா என்று ஓவியர் கேட்டால், தாளின் மேலேயே 'சின்னாபின்னம்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.